விக்டர் தனக்குப் பெண் கேட்ட கதை

தூத்துக்குடியில் ஒரு தெருவில் யாராவது பெண் கேட்கப் போகிறார்கள் என்றால் இரண்டு ஏற்பாடுகள் தவறாமல் நடக்கும். ஒன்று பழத்தட்டு. இன்னொன்று விக்டர்.

விக்டர் தரகன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் தரகன் என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவன் துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். எந்தப் பெட்டி எந்த லாரியில் ஏற வேண்டும் என்று காலை எட்டு மணியிலிருந்து வெயிலில் நின்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போகும் வேலை. பெண் கேட்கப் போவது அவனுக்குத் தொழில் அல்ல, கைராசி. இருபத்து நான்கு வயதில் பெரியப்பா மகனுக்காகச் சாயர்புரத்தில் ஒரு வீட்டுக்குப் போனார்கள். போன பெரியவர்கள் அத்தனை பேரும் தொண்டையைச் செருமிக்கொண்டு மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருக்க, கூட்டத்தில் சின்னவனான இவன்தான் பேச்சைத் தொடங்கினான். அரை மணி நேரத்தில் காரியம் முடிந்தது. அன்று பிடித்தது இந்த ராசி. சொந்தக்காரர், சொந்தக்காரருக்குச் சொந்தக்காரர், யார்டில் உடன் வேலை பார்ப்பவர், சர்ச்சில் அடுத்த பெஞ்சில் உட்காருகிறவர், திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர் என்று ஒரு வித்தியாசமும் இல்லாமல் எல்லாரும் அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பத்தொன்பது வருஷத்தில் முப்பத்து நான்கு வீடு. ஒரு வீட்டிலும் 'இல்லை' என்ற பேச்சு வந்ததில்லை.

அவனுக்கென்று ஒரு முறை இருந்தது. பெண்ணைக் கொடுங்கள் என்று எடுத்த எடுப்பில் கேட்கமாட்டான். முதலில் மழையில் ஆரம்பிப்பான். பெய்தால் உப்பளத்துக்காரருக்குக் கஷ்டம், பெய்யாவிட்டால் மற்ற எல்லாருக்கும் கஷ்டம் என்பதால் தூத்துக்குடியில் மழையைப் பற்றி எந்தப் பக்கம் நின்றும் பேசலாம். அடுத்து அந்த வீட்டில் கண்ணில் படுகிற ஏதாவது ஒரு பொருளைப் பிடித்துக்கொள்வான். பழைய ரேடியோ, சுவரில் மாட்டியிருக்கும் கப்பல் படம், எதுவானாலும் சரி. கடைசியாகத்தான் பையன் வருவான், அதிலும் பையனுடைய குறைகள் வரும். மாப்பிள்ளை வீட்டார் நிறைகளை அள்ளி விடுவதுதான் உலக வழக்கம். விக்டர் குறைகளை எடுத்து வைப்பான். "பையனுக்கு முன்கோபம் கொஞ்சம் உண்டு. பசிச்சா வரும், சாப்ட்டா போயிரும்." பெண்ணின் அப்பா சிரித்துவிடுவார். சிரித்தவர் எழுந்து அடுக்களைக்குப் போவார். திரைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் முணுமுணுப்பு கேட்கும். திரும்பி வந்து உட்கார்ந்து, "சம்மதம்" என்பார். பின்னாலேயே காப்பி வரும்.

ஊருக்கெல்லாம் கேட்டவன் தனக்கு ஏன் கேட்கவில்லை என்று யாருக்கும் தோன்றும். அப்பா இறந்தபோது கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகள் இருந்தார்கள். சின்னவளை அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது முப்பத்தாறு வயது. அதன்பிறகு அம்மா படுக்கையில் விழுந்தாள், அதில் நான்கு வருஷம் போனது. மூத்த அக்காவோ சித்தப்பாவோ அவனுக்காக யாரிடமாவது போய்ப் பேசியிருக்கலாம். ஆனால் 'விக்டருக்கு என்ன, எப்ப வேணும்னாலும் முடிச்சிரலாம்' என்று எல்லாரும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருந்துவிட்டார்கள். அவனுக்காகப் பேசப் போவதற்கு ஒரு விக்டர் அகப்படவில்லை.

நாற்பத்தொரு வயதில் ரத்தத்தில் சர்க்கரை எட்டிப் பார்த்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். துறைமுகச் சாலையில் நடந்தால் லாரிப் புழுதி மூச்சை அடைக்கிறது என்று முத்துத்துரை தோட்டத்துக்குப் போக ஆரம்பித்தான். கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் அதை மேற்பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரத் துரை போட்ட தோட்டம் அது. பவளக்கல் மதில், வறண்டுபோன நீரூற்று, முத்துச்சிப்பியை நொறுக்கிப் பரப்பிய நடைபாதை. நடுவில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு பொந்தன்புளி மரம். பத்துப் பேர் கைகோர்த்து நின்றாலும் கட்டிப் பிடிக்க முடியாத பருமன். அந்தக் காலத்திலிருந்து ஊர்க் காதலர்கள் அத்தனை பேரும் அதன் வயிற்றில் பெயர் செதுக்கி வைத்திருந்தார்கள்.

போன முதல் வாரமே களைப்பில் அந்த மரத்தில் சாய்ந்தான்.

"சார், மரத்துல சாயாதீங்க" என்று ஒரு குரல் வந்தது.

"ஏன் மேடம், விழுந்திருமா?"

"அது விழாது. நீங்க பேர எழுதிருவீங்களோன்னுதான் பயம்."

அதுதான் ஈவாஞ்சலின். தாவரவியல் படித்தவள், முப்பத்தெட்டு வயது. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரஸ்ட் அவளைப் பொறுப்பாளராக வைத்திருந்தது. நுழைவுச்சீட்டிலிருந்து நாற்றங்கால் வரை எல்லாம் அவள்தான். இந்த ஊரில் இருபதிலிருந்து அறுபது வரை எந்தப் பெண்ணும் விக்டரை 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவாள். காய்கறிக்காரி கூப்பிடுவாள், பேங்கில் மேனேஜராக இருக்கிற பெண்ணும் கூப்பிடுவாள். அண்ணாச்சி என்று ஒரு பெண் கூப்பிட்டுவிட்டால் அதற்குமேல் அங்கே நினைக்க ஒன்றும் இல்லை. இவள் மட்டும் இரண்டு வருஷமாக 'சார்' என்றே கூப்பிட்டாள். ஒருநாள்கூடத் தவறவில்லை. அது மரியாதையா, பழக்கமா, வேறு ஏதாவதா என்று விக்டர் மண்டையைக் குடைந்துகொண்டான். யாரிடமும் கேட்க முடியாத சந்தேகம்.

அவர்கள் பேசிப் பழகியதும் அந்த மரத்தால்தான். "இதுல இத்தன ஜோடி இருக்கே, எத்தன பேருக்குக் கல்யாணம் ஆகிருக்கும்?" என்று ஒருநாள் அவள் தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். இந்த ஊரில் யார் யாரைக் கட்டினார்கள் என்று கண்டுபிடிக்க விக்டரைவிட்டால் ஆள் ஏது? பெயரையும் வருஷத்தையும் எழுதிக்கொண்டு போய் விசாரித்தான். சனிக்கிழமைதோறும் ஒரு சேதியோடு வருவான். 1979-இல் செதுக்கிய ஒரு ஜோடி ஆறுமுகநேரியில் பேரன் பேத்தியோடு இருந்தார்கள். இன்னொரு ஜோடியில் ஆண் கல்ஃபுக்குப் போனவன் போனவன்தான். 'ஞானையா, 1987' என்று இருந்ததற்குப் பக்கத்துப் பெயர் பாதியில் நின்றிருந்தது. அந்த ஞானையா இப்போது இரும்புக்கடை வைத்திருந்தார். மனைவி மக்களோடு நன்றாகத்தான் இருந்தார். விக்டர் மெல்லப் பேச்சுக் கொடுத்ததும் கல்லாவை விட்டு எழுந்து வெளியே வந்தார்.

"மரத்துகிட்ட சொன்னேன், அந்தப் புள்ளகிட்ட சொல்லல தம்பி. கேட்ருந்தா என்ன சொல்லிருப்பா? இன்னைக்கு வரைக்கும் அது ஒண்ணு ஓடிட்டே இருக்கு" என்றார்.

இதைக் கேட்டு ஈவாஞ்சலின் சிரிப்பாள் என்று விக்டர் எதிர்பார்த்தான். அவள் எழுந்து போய், பாதியில் நின்ற அந்தப் பெயரைத் தடவிப் பார்த்து, "பாவம்" என்றாள். விக்டருக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. இவளைத்தான் கட்ட வேண்டும் என்று நிச்சயமாகத் தெரிந்துவிட்டது, நாற்பத்து மூன்று வயதில், சுகர் மாத்திரை போட்ட கையோடு.

தெரிந்து என்ன செய்ய? பெண் கேட்க வேண்டுமென்றால் ஒரு வீடு வேண்டும், வீட்டில் ஒரு பெரியவர் வேண்டும். ஈவாஞ்சலினுக்கு அம்மா சிறு வயதிலேயே இல்லை. அப்பாவும் மூன்று வருஷத்துக்கு முன் போய்விட்டார். அண்ணன் கனடாவில், கிறிஸ்துமஸுக்கு ஒரு போன். மில்லர்புரத்தில் தனியாக வாடகைக்கு இருந்தாள். மழையைப் பற்றி யாரிடம் பேசுவது? குறையை யாரிடம் சொல்வது? யார் சிரிப்பார்? முப்பத்து நான்கு கோட்டை பிடித்தவன் வாசலே இல்லாத வீட்டின் முன்னால் நிற்கிற மாதிரி விழித்தான்.

சென்னையில் வேலை பார்க்கும் அக்கா மகன் ஷாம் ஈஸ்டர் லீவுக்கு வந்திருந்தான். அவனிடம் வாயைத் திறந்ததுதான் தப்பு.

"மாமா, இதுக்குப் போயி ஏன் இவ்வளவு யோசிக்கிய? நேரா அவங்ககிட்டயே புரோபோஸ் பண்ணுங்க. முட்டி போட்டு மோதிரத்த நீட்டணும், அவ்வளவுதான்."

"முட்டி போட்டா எந்திரிக்க முடியாதுலே."

"நான் தூக்கி விடுதேன். எடம் அந்தத் தோட்டமே சூப்பரா இருக்கு, பழைய காலத்து எடம். மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

மிச்சத்தை அவன் பார்த்துக்கொண்ட லட்சணம் செவ்வாய்க்கிழமை தெரிந்தது. தோட்டத்தில் நிகழ்ச்சி நடத்த வேண்டுமென்றால் விண்ணப்பம் போட்டு அனுமதி வாங்க வேண்டும். ஷாம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் போட்டுவிட்டான். அந்த விண்ணப்பம் யார் மேசைக்குப் போகும் என்று அவன் யோசிக்கவில்லை. பெண்ணுக்குத் தெரியாமல் செய்ய வேண்டிய காரியத்துக்கு, அந்தப் பெண்ணிடமே கையெழுத்துக் கேட்டு வைத்திருந்தான்.

அன்று சாயங்காலம் விக்டர் தோட்டத்துக்குள் காலை வைத்ததும் ஈவாஞ்சலின் அலுவலக அறையிலிருந்து கூப்பிட்டாள். கையில் ஒரு காகிதம் இருந்தது.

"உக்காருங்க சார். ஷாம்ங்கிறது யாரு? உங்க நம்பரக் குடுத்திருக்காங்க."

"அக்கா மகன்" என்றான் விக்டர். அப்போதே அவனுக்கு வேர்த்துவிட்டது.

"'காதலைத் தெரிவிக்கும் நிகழ்ச்சி'ன்னு போட்ருக்கு. இருநூறு பலூன். பொந்தன்புளியில சீரியல் லைட்டு. இதெல்லாம் முடியாது சார். மரத்துல ஆணி அடிக்கக் கூடாது. பலூன் வெடிச்சா வவ்வால் எல்லாம் எடத்த விட்டே போயிரும்."

"முடியாதுன்னே எழுதிருங்க மேடம்."

"எழுதிட்டேன்." அவள் காகிதத்தைக் கீழே வைக்கவில்லை. "ஆனா தெரிஞ்சிக்கத்தான் கேக்கேன். இது யாருக்கு? ஷாமுக்கா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். ஆனால் பெண் விஷயத்தில் பொய் சொல்வதில்லை என்பது அவன் பத்தொன்பது வருஷமாகக் கட்டிக் காத்த மானம்.

"ஷாமுக்கு இல்ல. எங்க குடும்பத்துலயே இன்னொரு பையனுக்கு."

"பையன் என்ன செய்யுதாங்க?"

அவள் கேட்ட தோரணை எந்தப் பெண் வீட்டுப் பெரியவருக்கும் குறைந்ததல்ல. விக்டருக்குள் படுத்திருந்த பழைய ஆள் எழுந்து நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"இந்த வருஷம் மழ பரவால்ல மேடம்" என்றான்.

"மழையா?"

"இல்ல... நல்ல சன்னல் இது. தேக்கு. அந்தக் காலத்துல கப்பல்ல வந்த மரமா இருக்கும்." சன்னலும் கைகொடுக்கவில்லை. அவள் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "பையன் கன்டெய்னர் யார்டுல இருக்கான். வயசு நாப்பத்தி மூணு. சுகர் லேசா உண்டு, மாத்திரையில அடங்கியிருக்கு. முன்பக்கம் முடி போயிட்டு. கொறட்ட உண்டுன்னு அவன் அக்கா சொல்லுதா, அவனுக்குத் தெரியாது. பேசுனா நிறுத்தமாட்டான்."

ஈவாஞ்சலின் அவனுடைய முன்பக்கத் தலையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பேனாவின் மூடியைத் திருகித் திருகிப் போட்டாள்.

"பொண்ணு வீட்டுல?"

"பொண்ணு வீட்டுல பெரியவங்கன்னு யாரும் இல்ல. யாருகிட்டப் போயி கேக்கணும்னு தெரியாம பையன் முழிக்கான்."

நாற்றங்காலில் குழாய் திறந்து கிடந்தது போலிருக்கிறது, தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. எதுவானாலும் உடனே எழுந்து போய் மூடுகிறவள் அன்று உட்கார்ந்தே இருந்தாள். கடைசியில் விண்ணப்பத்தை நான்காக மடித்து மேசை டிராயருக்குள் போட்டாள்.

"பையனையே வந்து கேக்கச் சொல்லுங்க சார். பேசுறதுக்கு ஆளக் கூட்டிட்டு வர வேண்டாம். சனிக்கிழம அஞ்சு மணிக்கு நான் மரத்தடியில இருப்பேன். ஆறு மணிக்கு வாசக்கதவப் பூட்டிருவாங்க."

விக்டர் வெளியே வந்து, நடக்க வந்ததையே மறந்து, பைக்கை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்குப் போய்விட்டான். சந்தோஷம் ஒரு பக்கம் பொங்கியது. அவள் புரிந்துகொண்டுவிட்டாள், கோபப்படவில்லை, வரச் சொல்லியிருக்கிறாள். ஆனால் முகம் கழுவிக் கண்ணாடியைப் பார்த்தபோது ஒரு சந்தேகம் வந்தது. பையன் வந்து என்ன சொல்வான்? முப்பத்து நான்கு வீட்டிலும் பையன்களைப் பார்த்திருக்கிறான். நாற்காலி நுனியில் உட்கார்ந்து கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருப்பார்கள். ஒருவனும் வாயைத் திறந்ததில்லை, திறக்க இவன் விட்டதில்லை. அதைவிடப் பெரிய சந்தேகம் இன்னொன்று வந்து நின்றது. கேட்கப்படுகிற பெண்ணுக்கு என்ன தோன்றும்? அவன் பார்த்ததெல்லாம் அடுக்களைத் திரைதான். திரைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவனுக்குக் கேட்கத் தோன்றியதில்லை. இப்போது தோன்றியதும் இருப்புக் கொள்ளவில்லை.

வியாழக்கிழமை யார்டிலிருந்து வரும் வழியில் இசக்கிசெல்வியின் தையல்கடை முன் பைக்கை நிறுத்தினான். அவள் யார்டில் கிரேன் ஓட்டும் வன்னியபெருமாளின் மனைவி. பதினோரு வருஷத்துக்கு முன் கயத்தாறுக்குப் போய் விக்டர் பேசி முடித்த பெண்.

"வாங்க அண்ணாச்சி. என்ன, சட்ட தைக்கணுமா?"

"அதில்லம்மா. ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நாங்க உங்க வீட்டுக்கு வந்தப்ப நீ எங்கன இருந்த?"

"அடுக்களையிலதான். வேற எங்கன இருப்பாவ?"

"நான் பேசுனது கேட்டுச்சா?"

"ஒண்ணு விடாமக் கேட்டுச்சு. மழையில ஆரம்பிச்சிய. எங்க வீட்டு ரேடியோவப் பத்தி ஒரு பாட்டம் பேசுனிய. அவுகளுக்குப் பசிச்சா கோவம் வரும்னு சொன்னிய. அப்பா சிரிச்சாவ, அம்மா சிரிச்சா, அடுத்த வீட்டு அத்தைகூடச் சிரிச்சா."

"நீ?"

இசக்கிசெல்வி மிஷினை நிறுத்தினாள். பதினோரு வருஷத்தில் இதை அவளிடம் யாரும் கேட்டதில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"நான் சிரிக்கல அண்ணாச்சி. எனக்கு ரெண்டு கேள்வி இருந்துச்சு. டீச்சர் ட்ரெய்னிங்கு ஒரு வருஷம் பாக்கி கெடந்துச்சு, அத முடிக்க விடுவாவளான்னு ஒண்ணு. இன்னொண்ணு சின்னப்புள்ளத்தனமா இருக்கும், சொல்லமாட்டேன்."

"சும்மா சொல்லும்மா."

"அவுகளுக்கு என்னய எதுனால பிடிச்சிதுன்னு."

விக்டர் முக்காலியில் உட்கார்ந்தான். "அப்பா உள்ள வந்து உங்கிட்டக் கேக்கலையா?"

"வந்தாவ. 'நல்ல எடமா இருக்கு, சரின்னு சொல்லிட்டு வாரேன்'னாவ. போயிட்டாவ. நான் காப்பி போட்டேன்."

"ட்ரெய்னிங்கு?"

"எங்க? மூத்தவன் உண்டாயிட்டான்." அவள் துணியைத் திருப்பி வைத்துத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். "அவுக நல்லவுகதான் அண்ணாச்சி. அதுல ஒரு கொறையும் இல்ல. அன்னைக்கு ஒருத்தராச்சும் என்னயப் பாத்துக் கேட்ருந்தா நல்லாருந்திருக்கும், அவ்வளவுதான். கேட்டாலும் சரின்னுதான் சொல்லிருப்பேனோ என்னவோ."

டீ வாங்கித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். பைக்கைக் கிளப்ப மனம் வரவில்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது. முப்பத்து நான்கு என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தானே, அந்த முப்பத்து நான்கு திரைகளுக்குப் பின்னாலும் எத்தனை கேள்வி நின்றிருக்கும்? அவன் சிரிக்கச் சிரிக்கப் பேசப் பேச, அங்கே ஒருத்தி அடுப்பைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். காரியம் முடிந்தது என்று அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். நல்ல எண்ணத்தில்தான் போனான். அதைச் சொல்லி மனதைத் தேற்றப் பார்த்தான், தேறவில்லை.

சனிக்கிழமை வந்தது. ஷாம் மோதிரம் வாங்கலாம் என்றான், பூங்கொத்து என்றான், ஒளிந்து நின்று வீடியோவாவது எடுக்கிறேன் என்று கெஞ்சினான். விக்டர் அவனை வீட்டில் உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தான். ஆனாலும் வெறுங்கையோடு பெண் கேட்கப் போவது அவனால் ஆகாத காரியம். கால்கிலோ முந்திரி மக்ரூன் வாங்கிக்கொண்டான். தோட்டத்து வாசலில் நின்றபோது மணி நாலரை. அரை மணி நேரம் மதிலோரமாக நடந்தான். கடல்காற்று ஈரமாக அடித்தது.

ஐந்து மணிக்கு அவள் மரத்தடிக் கல்பெஞ்சில் இருந்தாள். எப்போதும் உடுத்துகிற பருத்திப் புடவைதான். தலையில் மட்டும் கொஞ்சம் பிச்சிப்பூ இருந்தது. விக்டர் சிப்பிப் பாதையில் சரக் சரக்கென்று நடந்து போய் அவள் முன்னால் நின்றான். உட்காரத் தோன்றவில்லை.

"இந்த வருஷம்..." என்று வாய் தன் போக்கில் தொடங்கியது. பல்லைக் கடித்து நிறுத்தினான்.

அவள் சிரிக்கவில்லை. காத்திருந்தாள்.

"உங்களக் கல்யாணம் முடிக்கணும்னு ஆசப்படுதேன். உங்களுக்கு இஷ்டமான்னு கேக்க வந்தேன்."

இவ்வளவுதான். அரை மணி நேரம் பேசுகிறவனுக்கு இரண்டு வாக்கியத்தில் எல்லாம் தீர்ந்துவிட்டது. மக்ரூன் பெட்டியை நீட்டினான். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"பதில் சொல்லுறதுக்கு முன்னால உங்களுக்கு என்ன கேக்கணும்னாலும் கேளுங்க" என்றான். "எத்தன கேள்வினாலும் நான் நிக்கேன்."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. குனிந்து பெட்டியின் நூலை அவிழ்த்தாள், மறுபடியும் கட்டினாள்.

"அப்பா இருக்கும்போது ஏழு எடத்துலேந்து வந்தாங்க" என்றாள். "உங்கள மாதிரி ஒருத்தர் பேசுவாரு. நான் உள்ள இருப்பேன். எல்லாரும் அப்பாகிட்ட வந்து, அப்பாகிட்டயே பேசிட்டுப் போயிட்டாங்க. அப்பாவுக்கு ஒண்ணும் பிடிக்கல. அவர விட்டுட்டு நான் போயிருவேன்னு பயமோ என்னமோ. அதுல ஒருத்தர் முகங்கூட எனக்குத் தெரியாது. அதுல ஒருத்தர எனக்குப் பிடிச்சிருக்கலாம்லா?"

"பிடிச்சிருக்கலாம்" என்றான் விக்டர். அந்த ஏழில் ஒன்று தன் வாயால் போயிருக்குமோ என்று ஒரு நொடி நடுங்கி, முப்பத்து நான்கும் முடிந்த இடங்கள்தான் என்று நினைவு வந்ததும் மூச்சு விட்டான்.

பிறகு அவள் கேட்டாள். தோட்டத்து வேலையை விடமாட்டேன், ஞாயிற்றுக்கிழமையும் உண்டு, பரவாயில்லையா? பரவாயில்லை. அக்காவும் தங்கைகளும் ஏதாவது சொன்னால்? சொல்வார்கள், பேசிப் பார்ப்பேன், பேசுவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை. சமையல்? ரசம் வரும், மீன்குழம்பு வராது. குறட்டை நிஜமா? தெரியாது மேடம், நான் தூங்கிருவேன். இதற்கு அவள் சிரித்தாள். தூரத்தில் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. மணி ஐந்தே முக்கால் இருக்கும்.

"நீங்க கேக்காத ஒண்ணுக்கும் சொல்லிருதேன்" என்றான். "உங்கள எதுனாலன்னு. அந்த ஞானையா கதையச் சொன்னப்ப நீங்க சிரிப்பீங்கன்னு நெனச்சேன். எந்திரிச்சுப் போயி அந்தப் பேரத் தடவிட்டு, பாவம்னு சொன்னீங்க. அதுதான்."

ஈவாஞ்சலின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கடைசியா ஒண்ணு. நான் இல்லன்னு சொன்னா?"

முப்பத்து நான்கு வீட்டில் அவன் நினைத்தே பார்க்காத கேள்வி. மூளைக்குள் தேடினான். அழகான பதில்கள் நாலைந்து ஓடி வந்தன. எல்லாவற்றையும் தள்ளினான்.

"இல்லன்னா இல்லதான். கஷ்டமா இருக்கும். ஒரு மாசம் நடக்க வரமாட்டேன். பொறவு வருவேன், டாக்டர் சொல்லிருக்காருல்லா. அந்த மதிலோரமா நடந்துட்டுப் போயிருவேன். உங்களத் தொந்தரவு பண்ணமாட்டேன். ஆனா கேக்காம இருந்தோமேன்னு இருக்காது."

அவள் தலையாட்டினாள். சம்மதத் தலையாட்டலா, கேட்டுக்கொண்டேன் என்ற தலையாட்டலா என்று தெரியவில்லை. அப்பாமார் சிரித்துவிட்டால் காரியம் முடிந்தது என்று அவனுக்குத் தெரியும். அவர்கள் கால் மேலிருக்கும் காலை இறக்கினால் தெரியும், கண்ணாடியைத் துடைத்தால்கூடத் தெரியும். இந்த முகத்தில் அவனால் ஒன்றையும் படிக்க முடியவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக, அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் ஒரு பெண்ணின் முன்னால் நின்றான். பயமாக இருந்தது. எத்தனை நேரம் ஆனாலும் நிற்கலாம் போலவும் இருந்தது.

வாசலில் காவலாள் சாவிக்கொத்தைக் குலுக்கிக் காட்டினான். ஈவாஞ்சலின் எழுந்து நின்றாள். அவனை நேராகப் பார்த்தாள்.

"எனக்குச் சம்மதம்" என்றாள்.

முப்பத்து நான்கு தடவை அவன் கேட்ட சொல்தான். அப்பாமார் சொல்லியிருக்கிறார்கள், தாய்மாமன்கள் சொல்லியிருக்கிறார்கள், ஒரு தடவை பாஸ்டர் ஐயாகூடச் சொல்லியிருக்கிறார். அத்தனையும் ஆண் குரல். அதைச் சொல்ல வேண்டியவளின் வாயிலிருந்து வந்தால் அது எப்படி இருக்கும் என்று அவனுக்கு இன்றுவரை தெரிந்திருக்கவில்லை. பேச்சுக்குப் பேர்போன விக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னாள்.